விலங்கு நேயமும் இறைச்சி உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருநாய்களுக்குச் சோறு வைப்பதைப் பார்த்து என்னோடு பேசத் தொடங்குகிறவர்கள், பழக்கம் கொஞ்சம் நெருங்கியதும், பெரும்பாலும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: "நீங்கள் கறி சாப்பிடுவீர்களா?" முப்பத்தைந்து வயது வரை சாப்பிட்டேன். இப்போது சாப்பிடுவதில்லை. பாலும் தயிரும் மட்டும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. அந்த முதல் கேள்வியைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு, நின்ற இடத்தில் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

விலங்குகளை நேசிப்பதாகச் சொல்பவர் இறைச்சியும் உண்டால், அந்த நேசம் போலியானதா?

போலியானது என்று நான் கருதவில்லை. நடக்க முடியாத குட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கிடை போடும் மேய்ப்பர்கள், அதே மந்தையின் கிடாய்களை வியாபாரிக்கு விற்றுத்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஆட்டின் மேல் இருக்கும் பரிவு, ஆட்டைப் படத்தில் மட்டும் பார்த்து ரசிக்கும் நகரத்துக்காரரின் பரிவைவிடக் குறைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நேசம் உண்மையானதுதான். அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் நம்முடைய பழக்கம் எல்லை கட்டி வைத்திருக்கிறது.

இந்த எல்லை எப்படி விழுகிறது என்பதைக் காட்டும் சோதனை ஒன்றை ஸ்டீவ் லாக்னன், நிக் ஹாஸ்லம், பிராக் பாஸ்டியன் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு உலர்த்திய மாட்டிறைச்சியும் மற்றொரு பகுதியினருக்கு முந்திரிப் பருப்பும் தின்னக் கொடுத்துவிட்டு, எந்தெந்த விலங்குகளின் நலத்தில் அக்கறை காட்டுவது நம் கடமை என்று கேட்டார்கள். சற்று முன் இறைச்சி தின்றவர்கள், முந்திரி தின்றவர்களைவிடக் குறைவான விலங்குகளையே அந்த வட்டத்துக்குள் சேர்த்தார்கள். "மாட்டுக்கு அவ்வளவாக உணர்வு இல்லை, ஆகவே தின்கிறோம்" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. தின்கிறோம், ஆகவே அதற்கு உணர்வு குறைவு என்று மனம் பிறகு கணக்கு எழுதிக்கொள்கிறது. இந்தக் கணக்கை நானும் பல ஆண்டுகள் எழுதியவன் என்பதால், அப்படி எழுதுகிற யாரையும் போலி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நாய்க்கு ஒரு நீதி, கோழிக்கு ஒரு நீதி என்பது சரியா?

சரியில்லை. நாயோடு நாம் ஒரே வீட்டில் வாழ்கிறோம், பெயர் வைக்கிறோம், அது நம்மைப் பார்க்கிறது. பண்ணைக் கோழியை நாம் உயிரோடு சந்திப்பது கடையின் கூண்டுக்கு முன் இரண்டு நிமிடம்தான். நெருக்கத்தில் இருக்கும் இந்த வேறுபாடு நம்மைப் பற்றியது. கோழியின் வலியை அது குறைத்துவிடுவதில்லை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம், 1789-இல் வெளியான தம் நூலில், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அது துன்பப்படுமா என்று கேட்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நாயும் கோழியும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

கோழிக்கும் மீனுக்கும் உண்மையிலேயே வலிக்குமா?

கோழியைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 2012 ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் தன்னுணர்வுக்குத் தேவையான நரம்பு அமைப்புகள் உண்டு என்று கூட்டாக அறிவித்தார்கள். மீனைப் பற்றி நெடுங்காலம் தயக்கம் இருந்தது. 2003-இல் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டிரௌட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தீனியை நாடாமல், தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன. 2022-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. தொல்காப்பிய மரபியல், நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு அறிவு என்று வகுத்து வைத்திருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த நண்டை நாம் இன்றும் உயிரோடு கொதிநீரில் போடுகிறோம்.

தமிழர் மரபு புலால் மறுத்த மரபுதானே? திருக்குறளே சொல்கிறதே?

இரண்டு பக்கத்தாரும் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்கிறார்கள். சங்கப் பாடல்களில் இறைச்சி உணவு வெட்கமின்றி, மகிழ்ச்சியோடு பேசப்படுகிறது. புறநானூற்றின் 14-ஆம் பாட்டில், சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் தம் கையைப் பிடித்துப் பார்த்து "மென்மையாக இருக்கிறதே" என்று வியந்ததற்கு விடையாக, ஊன்சோறு உண்பதைத் தவிர வேறு உழைப்பை அறியாத கைகள் இவை என்று கபிலர் பாடுகிறார். தம்மை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட புலவர் அவர். ஆகவே தமிழர் தொன்றுதொட்டுச் சைவ உணவினர் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 2014-இல் எடுக்கப்பட்ட அரசின் மாதிரிக் கணக்கெடுப்பும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள் என்றே காட்டியது.

அதே மண்ணில்தான் மறுப்பும் முளைத்தது. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஒன்று, கொல்லாமைக்கு ஒன்று என இரண்டு தனி அதிகாரங்களை ஒதுக்கினார். வேள்விக்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போய், அதற்காக அடிபட்ட ஆபுத்திரனின் கதையை மணிமேகலை சொல்கிறது. புலால் மறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதால் அது துறவிகளுக்கு மட்டுமே உரியது என்று வாதிடுவோர் உண்டு. அமைப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் வாய்மையும் கள்ளாமையும் வெகுளாமையும் கூட அதே துறவறவியலில்தான் இருக்கின்றன. அவற்றை இல்லறத்தாருக்கு வேண்டாதவை என்று நாம் தள்ளுவதில்லை.

என்னை மாற்றியது அந்த அதிகாரத்தின் 257-ஆம் குறள்:

"உண்ணாமை வேண்டும் புலாஅல் பிறிதொன்றன்
புண்ணது உணர்வார்ப் பெறின்."

புலால் என்பது வேறோர் உயிரின் புண், அதை உணர்பவர் இருந்தால் அவர் உண்ணாதிருக்க வேண்டும் என்கிறது இந்தக் குறள். இதில் சாதி இல்லை, தூய்மை இல்லை, சொர்க்கம் இல்லை. "உணர்வார்ப் பெறின்" என்ற இரண்டு சொற்களில் முழுப் பொறுப்பையும் வள்ளுவர் படிப்பவரிடமே விட்டுவிடுகிறார்.

நான் கொல்லவில்லையே, கடையில் வாங்குகிறேன். பாவம் வெட்டுகிறவருக்குத்தானே?

பழமையான வாதம் இது. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமலும் கேட்காமலும், அப்படி ஐயப்படாமலும் இருந்தால், பிச்சையில் விழுந்த இறைச்சியைத் துறவி உண்ணலாம் என்று பௌத்த நெறி அனுமதித்தது. பிச்சை ஏற்பவருக்குத் தேர்வு செய்யும் உரிமை இல்லை என்பதால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. பணம் கொடுத்து "ஒரு கிலோ, தோல் உரித்து" என்று சொல்லி வாங்குகிற நமக்கு அந்த நியாயமும் கிடையாது. தின்பதற்காக உலகம் கொல்லாது இருந்தால், விலைக்காக ஊன் தருவோரும் இருக்க மாட்டார் என்று 256-ஆம் குறள் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது.

விடிவதற்கு முன்பே எழுந்து, நாள் முழுதும் இரத்தத்தில் நின்று வேலை செய்கிற கசாப்புத் தொழிலாளியின் தலையில் முழுப் பழியையும் ஏற்றிவிட்டு, அவர் வெட்டியதை நாம் சுவைத்து உண்பது எனக்கு மிகவும் கூசுகிறது. அவர் செய்வது நாம் கொடுத்த வேலை.

பண்ணைக் கோழியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கோழி முதலான வளர்ப்புப் பறவைகள் 12 கோடிக்கு மேல் இருந்தன. இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான். நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. பண்ணைக் கொள்முதல் விலையை நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். ஆனால் அந்தக் கொட்டகைகளுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

கறிக்கோழி ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோ எடையை எட்டுமாறு இனம் தேர்ந்து உருவாக்கப்பட்டது. வீட்டு முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கு அந்த எடை வர மாதங்கள் ஆகும். உடல் இவ்வளவு வேகமாகப் பெருகும்போது காலும் இதயமும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் பல கோழிகள் நடக்க மனமின்றி, ஈரமேறிய உமிப் படுக்கையில் நெஞ்சை வைத்து உட்கார்ந்தே இருக்கின்றன. 40 நாள் என்பது கோழியின் கணக்கில் குஞ்சுப் பருவம்தான். கூண்டில் வெள்ளையாகக் கொழுத்து நிற்கும் அந்தப் பறவையின் குரலைக் கவனித்துக் கேட்டால், அது இன்னும் "கீச்" என்றுதான் கத்துகிறது என்பது தெரியும்.

முட்டைக்கோழிக்குத் துன்பம் நீண்டது. ஒரு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம் ஒரு கோழிக்கு என்ற கணக்கில் கம்பிக் கூண்டுகள் அடுக்கப்படுகின்றன. இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட மறைவிடம் தேட முடியாது. கோழி என்ற உயிர் நாளெல்லாம் செய்ய விரும்புவது இவற்றைத்தான். ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க, குஞ்சிலேயே அலகின் நுனி வெட்டப்படுகிறது. ஒன்றரை ஆண்டு வயதை ஒட்டி முட்டை குறைந்ததும் கறிக்கு விற்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. இந்தியச் சட்ட ஆணையமும் 2017-இல் தந்த 269-ஆம் அறிக்கையில் கோழிகளின் இந்த நிலையை எடுத்துப் பேசியது.

பண்ணை நடத்தும் விவசாயிகளைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. கறிக்கோழி வளர்ப்போரில் பலர் குஞ்சும் தீவனமும் நிறுவனத்திடம் பெற்று, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறவர்கள். வெயில் ஏறினால் கொட்டகையோடு சேர்ந்து அவர்கள் நெஞ்சும் வேகிறது. மலிவான கறி வேண்டும் என்ற நம் அனைவரின் விருப்பமும் கடைசியில் அந்தக் கோழியின் காலில் போய் இறங்குகிறது.

முட்டையில் உயிர் இல்லையே, அதை உண்ணலாம் அல்லவா?

பண்ணை முட்டையில் கரு இல்லை என்பது உண்மை. ஆனால் முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் கொழுக்காது என்பதால், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த நாளிலேயே அது பிரித்தெடுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. பொட்டைக் குஞ்சு எத்தனையோ ஏறத்தாழ அத்தனை சேவல் குஞ்சு. ஜெர்மனி இந்த வழக்கத்தை 2022 தொடக்கத்தில் சட்டத்தால் நிறுத்தியது. நம் நாட்டில் ஒரு நாள் குஞ்சுக்குச் சாயம் பூசித் திருவிழாக்களில் விளையாட்டுப் பொருளாக விற்கிறார்களே, அவை பெரும்பாலும் இந்தச் சேவல் குஞ்சுகள்தாம்.

வீட்டில் வளர்த்த ஆடு, நாட்டுக்கோழி, கோயில் கிடா ஆகியவையும் இதே கணக்கில் வருமா?

வராது என்பது என் கருத்து. இதில் புலால் மறுத்த நண்பர்கள் பலர் என்னோடு உடன்படுவதில்லை.

வேலியோரம் மேய்ந்து, தாயின் பின்னால் ஓடி, மழைக்குத் திண்ணையில் ஒதுங்கி, ஓராண்டு ஆடாக வாழ்ந்த ஓர் உயிரின் கடைசி ஐந்து நிமிடம் கொடியது. கறிக்கோழிக்கோ கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன்னாலும் வாழ்க்கை என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டும் கொலை என்ற ஒரே சொல்லில் அடங்கும் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், துன்பத்தின் அளவைப் பார்க்கும் கண்ணை இழந்துவிடுவோம்.

கோயிலில் நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உதறும் வரை காத்திருப்பார்கள். உதறினால்தான் உத்தரவு. நீர் பட்ட எந்த ஆடும் உதறும் என்பது வெட்டுபவருக்கும் தெரியும். ஆனாலும், ஓர் உயிரை எடுக்க அனுமதி கேட்க வேண்டும் என்ற உணர்வு அந்தச் சடங்கில் எஞ்சியிருக்கிறது. பாலித்தீன் பையில் வாங்கும் கறியில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1950-இல் இயற்றப்பட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது, நகரத்துக் கடைகளில் நாள்தோறும் நடப்பதைத் தொடாமல் எங்கள் சாமியை மட்டும் தொடுவது ஏன் என்று கிராமத்தார் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. 2004-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பலியிடுதல் தானாகக் குறைய வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன், ஆனால் ஆண்டுக்கு ஒரு கிடாவைக் கண்டிக்கும் முன் வாரத்துக்கு ஒரு கோழியைக் கண்டிப்பதே முறை.

பால் குடிப்பவர் புலால் உண்பவரைக் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் தன்னையும் கேட்டுக்கொண்டுதான் கேட்க வேண்டும். பசு ஏறத்தாழ 280 நாள் சினையாக இருந்து கன்று ஈன்றால்தான் பால். ஈன்றது கிடாரியாக இருந்தால் பிழைத்தது. கலப்பினக் காளைக்கன்றாக இருந்தால், உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட ஊரில் அதற்கு வேலை இல்லை, ஆகவே தீவனமும் இல்லை. செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஊற்றிக்கொடுக்கும் பால் இது. மடி வற்றிய மாடு சந்தைக்குப் போகிறது, சந்தையிலிருந்து வண்டி ஏறுகிறது. பால் வியாபாரமும் இறைச்சி வியாபாரமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

காந்தி இதை நேர்மையோடு எதிர்கொண்டவர். கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காக மாட்டைக் கொடுமைப்படுத்தும் 'பூகா' என்ற முறையைப் பற்றி அறிந்த அவர், தென்னாப்பிரிக்காவில் 1912-இல் பாலைத் துறந்தார். 1918-இல் கடும் நோயில் விழுந்தபோது, விரதம் பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும்தானே என்று கஸ்தூரிபா சொல்ல, ஆட்டுப்பால் குடித்துப் பிழைத்தார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உட்பொருளைக் கைவிட்டேன் என்ற உறுத்தலை அவர் பின்னர் மறைக்காமல் எழுதினார். என் வீட்டுத் தயிரைப் பற்றி எனக்கும் அதே உறுத்தல் இருக்கிறது. கன்றுக்கு விட்டுக் கறக்கும் ஒரு வீட்டில் வாங்குகிறேன் என்பது அதை முழுவதும் தீர்த்துவிடவில்லை.

சைவ உணவு உண்பவர்கள் மற்றவர்களைவிட உயர்ந்தவர்களா?

இல்லை. இந்த எண்ணம்தான் தமிழ்நாட்டில் விலங்குகளுக்குப் பெரும் தீங்கு செய்திருக்கிறது என்றுகூட நான் சொல்வேன்.

உணவைக் கொண்டு ஆளை அளப்பது இங்கே நெடுங்காலம் சாதியை அளக்கும் வழியாகவே இருந்தது. "சைவம் மட்டும்" என்று வாடகைக்கு விடும் வீட்டின் வாசலில் எழுதி வைப்பவர் ஆட்டின் மேல் உள்ள இரக்கத்தால் எழுதுவதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் சுமத்தி, அந்தத் தோலில் செய்த செருப்பையும் மேளத்தையும் பயன்படுத்திக்கொண்டு, பாலையும் நெய்யையும் உண்டு, கடைசியில் மாட்டிறைச்சி உண்பதால் நீ தாழ்ந்தவன் என்று அவர்களிடமே சொன்ன சமூகம் இது. இந்த வரலாற்றை அறிந்த ஒருவர், புலால் மறுத்தலைப் பற்றிய பேச்சைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் கோபத்தின் மீது குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகவே இரண்டு பேச்சையும் பிரித்துப் பேச வேண்டும். தூய்மையைப் பற்றிய பேச்சு, உண்பவரைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறது. துன்பத்தைப் பற்றிய பேச்சு, உண்ணப்படும் உயிரைப் பார்க்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலை இதில் எனக்கு வழிகாட்டி. புலால் உண்போரைப் புற இனத்தார் என்று கண்டிப்போடு சொன்ன அதே வள்ளலார், அவர்களுக்கும் பசி தவிர்த்தல் கடமை என்று வகுத்தார். அங்கே இலையில் உட்காருபவரை, நேற்று வீட்டில் என்ன தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழைக் குழந்தைகளுக்கு முட்டையும் மீனும் வேண்டாம் என்று சொல்லலாமா?

கூடாது. சத்துணவில் கிடைக்கும் முட்டை பல பிள்ளைகளுக்கு அன்றைய முழுமையான புரதம். நூறு தேர்வுகள் உள்ள வயது வந்தவரின் கடமையை, தேர்வே இல்லாத பிள்ளையின் மேல் ஏற்றுவது அறமாகாது. கரைவலை இழுத்து வாழும் மீனவக் குடும்பத்தின் குழம்பைப் பற்றியும் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

வசதி உள்ளவர்களுக்கு உடல்நலம் ஒரு தடையாகாது. பருப்பும் பயறும் கடலையும் எள்ளும் கீரையும் புழங்கும் சமையல் நம்முடையது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பாலையும் சேர்த்து விலக்குகிறவர்களுக்கு வைட்டமின் பி12 தாவர உணவிலிருந்து கிடைக்காது, அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கருவுற்றோரும் சிறு குழந்தை உள்ளவர்களும் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தாவரத்துக்கும் உயிர் உண்டே?

உண்டு. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வாகிய ஓர் அறிவு உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் வலியை வலியாக அறிய நரம்பும் மூளையும் வேண்டும். கீரைக்கு அவை இல்லை. மேலும், ஒரு கிலோ கறிக்கோழி வளர ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனம் போகிறது. பயிருக்காக வருந்துகிறவரும் இறைச்சியைக் குறைப்பதே பொருத்தம்.

சட்டம் விலங்குகளைக் காக்கவில்லையா?

1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு விதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். நாட்டியத்துக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம் இதற்காகவும் நினைக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, முதல் முறை கொடுமை செய்தவருக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். கோழிகளைக் காலில் கட்டி இருசக்கர வண்டியின் இரு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போவது குற்றம், அதற்கான தண்டம் ஒரு கோழியின் விலையைக்கூட எட்டாது. 2001-இல் வந்த இறைச்சிக் கூட விதிகள், ஒரு விலங்கின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினையாக உள்ளதை அறுக்கக் கூடாது என்கின்றன. உங்கள் தெருக்கடையில் கூண்டு எங்கே இருக்கிறது, வெட்டும் கட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே முழுவதும் நிறுத்த முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பண்ணைக் கோழியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். சிவப்பு இறைச்சி உடலுக்கு ஆகாது என்று ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. ஞாயிறுதோறும் ஒரு கிலோ வாங்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 52 கிலோ. அது ஆடாக இருந்தால் நான்கைந்து உயிர், கறிக்கோழியாக இருந்தால் 35-க்கும் மேல். துன்பத்தைச் சேர்த்து எண்ணினால் இடைவெளி இன்னும் பெரிது.

வாரம் தவறாமல் கறி என்பதே நம் வீடுகளில் புதிய வழக்கம். என் பாட்டியின் காலத்தில் தீபாவளி, ஆடி, குலசாமி பொங்கல், மருமகன் விருந்து என்று விரல்விட்டு எண்ணும் நாள்களில்தான் கறி வெந்தது. அந்த அளவுக்குத் திரும்பினாலே எண்ணற்ற கூண்டுகள் காலியாகும். முட்டையை விட முடியாதவர்கள் மேய்ச்சல் கோழி வளர்க்கும் வீட்டில் வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆகவே எண்ணிக்கை தானே குறையும். நான் விட்ட வரிசையும் இதுதான்: முதலில் பண்ணைக் கோழி, பிறகு முட்டை, பிறகு ஆடு, கடைசியில் மீன். மீனை விட எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

என் நாய்க்கு இறைச்சி கொடுக்கிறேன். அது முரண்பாடா?

முரண்பாடுதான், ஆனால் நாயின் குற்றமில்லை. நாய் பலவகை உணவில் வாழக் கூடியது, பூனையோ இறைச்சியின்றி வாழவே முடியாதது. மனிதர் உண்ணாமல் ஒதுக்கும் பாகங்களைக் கடையில் கேட்டு வாங்கி வேகவைத்துக் கொடுக்கிறேன். இதைவிடச் சிறந்த வழி தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

"இது நம்ம வீட்டுக் கோழியா?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். மூன்று நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். நாம் பேச்சை மாற்றுகிறோம், அல்லது "அது வேற கோழி" என்கிறோம். பிள்ளை அந்த ஒரு நொடியில் பார்த்ததை நாமே மூடி வைக்கிறோம். "ஆமாம், கோழிதான். உயிரோடு இருந்தது, வெட்டினார்கள்" என்று அச்சமூட்டாத குரலில் சொன்னால் பிள்ளைக்குப் புரியும். சில பிள்ளைகள் கேட்டுவிட்டுத் தொடர்ந்து உண்ணும், அதை ஒன்றும் சொல்ல வேண்டாம். சில பிள்ளைகள் "எனக்கு வேண்டாம்" என்று தட்டை நகர்த்தும். அப்போது "ஒரு வாய் தின்னு, சத்து" என்று வற்புறுத்தாமல், கேலி செய்யாமல், சோற்றில் ரசத்தை ஊற்றி ஓர் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, அந்தத் தட்டைத் திரும்ப அதன் முன் வையுங்கள்.